கோடியக்கரை போறவங்களுக்கு: சுத்தாதீங்க, நின்னு பாருங்க

கோடியக்கரைக்கு போயிட்டு வந்து "அங்க என்ன இருக்கு, வெறும் முள்ளுக்காடும் சேறும்தான்"னு சொல்றவங்கள நீங்களும் பாத்திருப்பீங்க. அவங்க பொய் சொல்லல. வேளாங்கண்ணிக்கு வந்துட்டு, மதிய சாப்பாட்டை முடிச்சிட்டு, அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு போயிடலாம்னு உச்சி வெயில்ல வந்து, கார் கண்ணாடியை கூட இறக்காம காட்டுக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சு, "பூநாரை, அதான் ஃபிளமிங்கோ, எங்கங்க"ன்னு கேட்டு, லைட்ஹவுஸ் முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பினா அந்த ஊர் அதுக்கு மேல எதையும் காட்டாது. இங்க யானை கிடையாது, புலி கிடையாது, வழியை மறிச்சு நிக்கிற காட்டெருமையும் கிடையாது. இங்க பாக்க வேண்டியது ஒன்னு ரொம்ப தூரத்துல இருக்கும், இல்லன்னா ரொம்ப சின்னதா இருக்கும், இல்லன்னா நீங்க அசையாம இருந்தாதான் புதரை விட்டு வெளிய வரும். அதனால எப்போ போறது, எங்க நிக்கிறது, எதை கண்டுக்காம விடலாம்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல இடம் எப்படி இருக்குன்னு மனசுல வாங்கிக்கோங்க, பாதி குழப்பம் அதுலதான் வருது. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்துலேந்து தெக்க ஒரு 10, 11 கிலோமீட்டர். வடக்குலேந்து நேரா இறங்கி வர்ற வங்கக்கடல் கரை இங்க வந்துதான் டக்குன்னு மேக்க திரும்புது, கிழக்குப் பக்கம் வங்கக்கடல், தெக்க பாக் ஜலசந்தி. அந்த மூலைல ஒரு காடு, காட்டுக்கு மேக்கால கண்ணுக்கு எட்டின வரைக்கும் சதுப்பு. 1967ல வெளிமானுக்காக சரணாலயம்னு அறிவிச்சது அந்த காட்டுப் பகுதியத்தான், 17 சதுர கிலோமீட்டர் சொச்சம், சின்னது. 2002ல ராம்சார் தளமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா, அறிவிச்சப்போ காட்டோட சேத்து வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, பஞ்சநதிக்குளம் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்து 38,500 ஹெக்டேர் ஆக்கினாங்க, தமிழ்நாட்டோட முதல் ராம்சார் தளம் இதுதான். இதனால உங்களுக்கு என்னன்னா, கோடியக்கரைல ஒரு கேட் இருக்கும், உள்ள போனா மானும் பறவையும் பக்கத்து பக்கத்துல இருக்கும்னு நினைச்சு வராதீங்க. காடு ஒரு வேலை, சதுப்பு வேற ஒரு வேலை. ரெண்டுக்கும் தனித்தனியா நேரம் ஒதுக்கணும், அதாவது ஒரு ராத்திரி தங்கணும். ஒரு சாயங்காலம், மறுநாள் காலை, இது குறைஞ்சபட்சம்.

எப்போ போறதுன்னா, வலசை பறவைங்க அக்டோபர்லேந்தே வர ஆரம்பிச்சிடும், மார்ச் வரைக்கும் ஏதோ ஒன்னு இருக்கும். ஆனா அக்டோபர், நவம்பர் இங்க வடகிழக்கு பருவமழை காலம், மழைன்னா டெல்டா மழை, அதோட புயல் பயமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பக்கத்துலதான், காட்டுல பழைய மரங்க வேரோட சாஞ்சுச்சு, மானும் குதிரையும் நிறைய செத்துச்சு, அந்த காயம் காட்டுல இன்னமும் அங்கங்க தெரியும். அதனால நவம்பர்ல பிளான் போட்டா வானிலை அறிக்கைய பாத்துட்டு கிளம்புங்க, எச்சரிக்கை வந்தா வனத்துறை உள்ளயும் விட மாட்டாங்க. இன்னொன்னு, மழை அதிகமா பெஞ்ச உடனே சதுப்புல தண்ணி ஆழமாயிடும், கால் குட்டையான உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் நிக்க இடம் இல்லாம வேற எங்கயாவது போயிடும். மழை ஓஞ்சு தண்ணி மெல்ல வத்த ஆரம்பிச்சு ஓரத்துல சேறு தெரியுற சமயம்தான் சரியான சமயம், அது டிசம்பர் கடைசிலேந்து பிப்ரவரிக்குள்ள அமையும், ஒவ்வொரு வருஷமும் முன்ன பின்ன ஆகும். பொங்கல் லீவுல மட்டும் போகாதீங்க. கூட்டம் வந்தா பறவைக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

கோடைல போகலாமான்னா, பறவைக்காக வேண்டாம். மானுக்காக போகலாம், தண்ணி இருக்கிற குட்டைப் பக்கம் வந்துதான் ஆகணும் அதுங்க. அப்போ பாலைப்பழம் பழுக்கிற காலம், மஞ்சளா கொத்து கொத்தா இருக்கும், தின்னா உதட்டுல பிசின் ஒட்டும். ஆனா வெயில் சும்மா இருக்காது, கடல் பக்கம்தானேன்னு நம்பி வராதீங்க, உப்புக்காத்தும் சேந்து ஆளை வாட்டிடும்.

போற வழி ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. சென்னைலேந்து வேதாரண்யத்துக்கே பஸ் இருக்கு. ரயில்ல வர்றவங்க நாகப்பட்டினம் இல்லன்னா திருத்துறைப்பூண்டி வந்து மாறிக்கலாம், திருத்துறைப்பூண்டிலேந்து வேதாரண்யம் வழியா அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை ஆக்கி 2023 ஏப்ரல்ல திறந்த லைன் ஒன்னு இருக்கு, 37 கிலோமீட்டர், உப்பளத்தை பாத்துக்கிட்டே போகலாம். ஆனா அதுல ஒரு நாளைக்கு ஓடுற வண்டி கம்மி, டைம் பாத்துட்டு ஏறுங்க. வேதாரண்யத்துலேந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ் உண்டு, ஆனா பஸ்ஸ நம்பி விடிகாலைல காட்டு வாசலுக்கு வந்து சேர முடியாது, அதுக்குள்ள நல்ல நேரம் போயிடும். சொந்த வண்டியோ, முதல் நாள் ராத்திரியே பேசி வச்ச ஆட்டோவோதான் சரி. பெட்ரோல், ஏடிஎம், மருந்து எல்லாத்தையும் வேதாரண்யத்துலயே முடிச்சிடுங்க. பெட்ரோல் கம்மியா இருக்குன்னு தெரிஞ்சும் அப்புறம் பாத்துக்கலாம்னு உள்ள வராதீங்க.

தங்குறதுக்கு ரெண்டு வழி. வனத்துறையோட ஓய்வு விடுதி கோடியக்கரையிலயே இருக்கு, பூநாரை இல்லம்னு பேரு, கிடைச்சா அத விட நல்ல இடம் கிடையாது, ராத்திரி நரி ஊளையிடுறத படுக்கைல படுத்துக்கிட்டே கேக்கலாம். ஆனா ரூம் கம்மி, நாகப்பட்டினத்துல இருக்கிற வன உயிரினக் காப்பாளர் ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கணும், நேரா போய் நின்னா கிடைக்கிற கதை இல்ல. கிடைக்கலன்னா வேதாரண்யத்துல லாட்ஜ் இருக்கு, சுமாரா இருக்கும், ஒரு ராத்திரிக்கு போதும். சாப்பாடும் வேதாரண்யத்துலதான் நம்பிக்கையா கிடைக்கும், கோடியக்கரைல டீக்கடையும் சின்ன ஓட்டலும் உண்டு, மீன் சீசன்ல வெளியூர் மீனவங்க வந்து குடிசை போட்டு தங்குற காலத்துல கடைங்க சுறுசுறுப்பா இருக்கும், மத்த நேரத்துல மதியம் போய் சாப்பாடு கேட்டா முழிப்பாங்க. காலைல காட்டுக்கு போகும்போது இட்லி பார்சல் ஒன்னு வண்டிலயே வச்சிக்கோங்க, வண்டியவிட்டு அத வெளிய எடுக்கிறது எப்போங்கிறத மட்டும் குரங்கு பக்கத்துல இல்லாதப்போ முடிவு பண்ணுங்க.

காட்டுக்கு டிக்கெட் வனத்துறை செக்போஸ்ட்ல. ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்குன்னு தனித்தனியா வாங்குவாங்க, ரேட் மாறிக்கிட்டே இருக்கும், சில்லறை வச்சிக்கோங்க. எத்தனை மணிக்கு உள்ள விடுவாங்க, பாதை நல்லா இருக்கா, சொந்த வண்டியை விடுவாங்களான்னு முதல் நாள் சாயங்காலமே போய் கேட்டுடுங்க, மழைக்கு அப்புறம் மண் பாதைல வண்டி மாட்டிக்கும்னு சில சமயம் மூடி வச்சிருப்பாங்க. கூட ஒரு கைடு வர்ற ஏற்பாடு இருந்தா கண்டிப்பா கூட்டிட்டு போங்க, காசை மிச்சம் பண்ற இடம் இது இல்ல. அந்த ஊர்லயே பொறந்து வளந்த ஆளுக்கு இன்னிக்கு மான் எந்தப் பக்கம் மேயுது, எந்தக் குட்டைல தண்ணி இருக்குன்னு தெரியும். அவர்கிட்ட "எல்லா இடத்தையும் காட்டுங்க"ன்னு சொல்லாதீங்க, சொன்னா அவரும் எல்லாரையும் போலத்தான் நீங்களும்னு நினைச்சு வேகமா ஒரு சுத்து சுத்தி கொண்டாந்து விட்டுடுவாரு. "அண்ணே, அவசரம் இல்ல, ரெண்டே இடம் போதும், ரொம்ப நேரம் நிக்கலாம்"னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, அதுக்கு அப்புறம் அவர் பேசுற விதமே மாறிடும், தானா நிறைய சொல்ல ஆரம்பிப்பாரு.

வெளிமானை பத்தி கொஞ்சம் சொல்லணும். புள்ளிமானும் இங்க உண்டு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. புள்ளிமான் மர நிழல்ல நிக்கும், வெளிமான் பேருக்கு ஏத்த மாதிரி வெட்டவெளில, புல்தரைல நிக்கும். ஆண் மானுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கண்ண சுத்தி வெள்ளை வளையம், முறுக்கின நீளக் கொம்பு. பொட்டைக்கு கொம்பு கிடையாது, வெளிர் பழுப்பு. ஓட ஆரம்பிச்சா முதல்ல நாலு காலையும் ஒண்ணா தூக்கி எகிறிக் குதிக்கும், அப்புறம்தான் ஓட்டம். அது குதிக்குதுன்னா உங்களால கலவரம் ஆயிடுச்சுன்னு அர்த்தம், படம் எடுக்க நல்லா இருக்கேன்னு இன்னும் கிட்ட போகாதீங்க. சரியா பாக்கணும்னா புல்தரை ஓரத்துல வண்டியை நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, இறங்காம, கதவை டப்புன்னு சாத்தாம உக்காருங்க. முதல்ல கூட்டம் முழுக்க தலைய தூக்கி உங்களையே பாக்கும், அப்புறம் ஒன்னு குனிஞ்சு மேய ஆரம்பிக்கும், அத பாத்து அடுத்தது, அப்புறம் எல்லாமே உங்கள மறந்துடும். அதுக்கு அப்புறம்தான் நிஜமா பாக்க ஆரம்பிக்கிறீங்க: ஆண் மான் கழுத்தை மேல தூக்கி கொம்பை முதுகுல சாச்சிக்கிட்டு மத்தவன்கிட்ட வீறாப்பா நடக்கிறது, ரெண்டும் கொம்ப பூட்டி தள்ளிக்கிறது, எல்லாம் அப்போதான். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியும், சாயங்காலம் மூணரை நாலுக்கு மேலயும் நல்ல நேரம்.

அந்த புல்தரைதான் இங்க பிரச்சினையும். சீமைக்கருவேலம் வருஷா வருஷம் உள்ள ஏறி வந்துக்கிட்டே இருக்கு, அதோட காயை மிருகங்க தின்னு சாணியோட விதைய அங்கங்க போட்டுட்டு போகுது, வெளி சுருங்குது, வெளிமானுக்கு வாழ இடம் சுருங்குது. வனத்துறை வெட்டுறாங்க, அது திரும்ப முளைக்குது. அப்புறம் குதிரைங்க. குட்டையா, பிடரி சிலுப்பிக்கிட்டு கூட்டமா மேயும், பாக்க அழகா இருக்கும், எல்லாரும் மானை விட்டுட்டு அதைத்தான் படம் எடுப்பாங்க. ஆனா அது காட்டு ஜாதி கிடையாது, எப்பவோ மனுஷங்க வளத்து விட்ட குதிரைங்க பெருகினது, மான் தின்ன வேண்டிய புல்லை அதுவும் தின்னுது. அதுக்காக அதுங்கள திட்டவும் முடியல, இருந்தாலும் உங்க வீட்டுப் பிள்ளைங்க "காட்டுக்குதிரை"ன்னு சொன்னா இந்த விஷயத்தையும் சேத்து சொல்லிக் குடுங்க.

மரம் பக்கமும் ஒரு பார்வை போகட்டும். இது நம்ம மலைக்காடு மாதிரி வானத்த முட்டுற காடு இல்ல, உலர் பசுமைமாறாக் காடுன்னு சொல்ற வகை, கடலோர மணல்ல குட்டையா, நெருக்கமா, காத்துக்கு ஒரு பக்கமா சாஞ்சு வளந்தது, உலக்கைப்பாலைதான் அதுல பெரிய ஆளு. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்துல இருந்து, இப்போ துண்டு துண்டா மிச்சம் இருக்கிற காடு. அக்டோபர், நவம்பர்ல இந்த மரத்தடி சருகுல ஆறுமணிக்குருவி இறங்கியிருக்கும், பச்சை முதுகு, நீலத் தோள், வாலடி சிவப்பு, இவ்ளோ கலரும் வச்சிக்கிட்டு தரைல சருகைப் புரட்டிக்கிட்டு இருக்கும், கண்ணுக்கு சிக்காது. சருகு சத்தத்தை கேட்டு அந்த திசைல அஞ்சு நிமிஷம் அசையாம பாருங்க. மொபைல்ல அதோட குரலைப் போட்டு வரவழைக்கிற வேலை வேண்டாம், பாவம் அது ராத்திரி முழுக்க பறந்து களைச்சு வந்து இறங்கி இரை தேடுற நேரத்துல, வேற குருவி வந்துடுச்சோன்னு அலைய விடக்கூடாது.

ராமர் பாதம், கலங்கரை விளக்கம், குழகர் கோயில், இதெல்லாம் வழிலயே வரும். ராமர் பாதம் ஒரு மணல்மேடு, இந்த வட்டாரத்துக்கே அதுதான் உயரமான இடம், அதுவே கடல் மட்டத்துலேந்து 4 மீட்டர்தான், மேல ஏறி நின்னா காடும் சதுப்பும் ஒரே பார்வைல விளங்கும், அதுக்காகவே முதல்ல அங்க போங்க. குழகர் கோயில் பாடல் பெற்ற தலம். சோழர் காலத்து கலங்கரை விளக்கம்னு தேடிப் போறவங்க ரொம்ப எதிர்பாக்காதீங்க, 2004 சுனாமில இடிஞ்சது போக மிச்சம் கொஞ்சம் செங்கல்தான் கடலோரத்துல கிடக்கு.

இனி சதுப்பு, என்னைக் கேட்டா இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வரணும். பூநாரை எங்க இருக்கும்னு யாராலயும் நிச்சயமா சொல்ல முடியாது, தண்ணி எங்க முழங்கால் ஆழமோ அங்க இருக்கும், அது வாரத்துக்கு வாரம் மாறும், சில வருஷம் ஆயிரக்கணக்குல நிக்கும், சில வருஷம் தேட வேண்டியிருக்கும். வனத்துறை ஆளுங்கள கேளுங்க, உப்பளத்துல வேலை செய்றவங்கள கேளுங்க, அவங்களுக்கு தெரியும். உப்பளப் பாத்தி ஓரத்துலயும் பறவை நிறைய இறங்கும், ஆனா உப்பளம் கம்பெனிங்களுக்கும் தனி ஆளுங்களுக்கும் சொந்தமானது, உங்க பாட்டுக்கு வரப்புல நடந்து போகாதீங்க, கேட்டுட்டு போங்க, பாத்தி வரப்பு மிதிபட்டு உடைஞ்சா அவங்க பொழப்பு கெடும்.

வெயில் ஏறின பிறகு போனா தூரத்துல யாரோ ரோஸ் கலர் புடவைய நீளமா காயப் போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும், கானல்ல அது நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், எவ்ளோ பெரிய லென்ஸ் வச்சிருந்தாலும் படம் கலங்கித்தான் வரும், அது லென்ஸ் தப்பு இல்ல, சூடான காத்தோட வேலை. அதனால காலைல எட்டரை ஒம்பது மணிக்குள்ள பாத்து முடிச்சிடணும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், அதாவது காலைல பறவைக்கு கிழக்குப் பக்கமா நின்னு மேக்க பாக்கணும், சாயங்காலம் அப்படியே உல்டா. எதிர் வெயில்ல எல்லாப் பறவையும் கருப்பாத்தான் தெரியும், அப்புறம் வீட்டுக்கு வந்து படத்தை வச்சிக்கிட்டு இது என்ன பறவைன்னு எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்கணும்.

பூநாரை தின்றத ஒரு தடவை நல்லா கவனிங்க. தலைய தலைகீழா கவுத்து, மேல் அலகு கீழ இருக்கிற மாதிரி தண்ணிக்குள்ள விட்டு, நாக்கால தண்ணிய உறிஞ்சி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அலகு ஓரத்துல இருக்கிற சல்லடைல உப்புத்தண்ணி இறாலும் பாசியும் சிக்கிக்கும், அந்த இரைல இருக்கிற நிறமிதான் இறகுக்கு ரோஸ் கலர். சில சமயம் ஒரே இடத்துல காலால சேற மிதிச்சு மிதிச்சு சுத்தி வரும், அடில இருக்கிறத கிளப்பி விட. சாம்பல் நிறமா அழுக்கா நிக்கிறது வேற ஜாதி இல்ல, இளசு, கலர் ஏற வருஷக்கணக்குல ஆகும். இங்க பெரிய பூநாரைதான் அதிகம், வெளிர் ரோஸ் அலகு, நுனி மட்டும் கருப்பு. அதுக்கு நடுவுல குட்டையா, அலகு முழுக்க கரும் சிவப்பா ஒன்னு ரெண்டு நின்னா அது சிறிய பூநாரை, கண்டுபிடிச்சா சந்தோஷப்படலாம்.

கிட்ட போற ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு அடையாளம் சொல்றேன், மேஞ்சுக்கிட்டு இருக்கிற கூட்டத்துல தலைங்க ஒவ்வொன்னா மேல வந்து எல்லாம் ஒரே திசைல நடக்க ஆரம்பிச்சா நீங்க வர வேண்டிய தூரத்த தாண்டிட்டீங்க, அங்கயே நில்லுங்க, இல்ல நாலடி பின்னால போங்க. பூநாரை நின்ன இடத்துலேந்து ஜிவ்வுன்னு எழும்பாது, தண்ணில ஓடி ஓடித்தான் மேல ஏறும், அதுக்கு ஆகுற தெம்பு சும்மா வர்றது இல்ல. உள்ளான் மாதிரி சின்னதுங்க கதை இன்னும் மோசம், சைபீரியா பக்கத்துலேந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, மார்ச், ஏப்ரல்ல அதே தூரம் திரும்பிப் போக இங்க தின்னுதான் கொழுப்பு சேத்துக்கணும், கொசு உள்ளான் எல்லாம் 25, 30 கிராம்தான் இருக்கும். ஒரு வீடியோவுக்காக கைதட்டி கூட்டத்தை கிளப்பி விடுறவங்கள பாத்தா வாய் விட்டு சொல்லுங்க, சண்டை போட வேண்டாம், "சார், பறவை தின்னுட்டு இருக்கு"ன்னு சொன்னாலே நிறைய பேர் நிறுத்திடுவாங்க. ட்ரோன் பத்தி பேச்சே வேண்டாம், அனுமதி இல்லாம சரணாலயத்துல பறக்க விட்டா 1972 வனஉயிரின சட்டத்துல கேஸ் ஆகும்.

சதுப்புக்குள்ள காலை வைக்காதீங்க. மேல காஞ்சு வெடிச்ச மாதிரி இருக்கும், ரெண்டடி வச்சா உள்ள வழவழன்னு களிமண், செருப்பு உள்ளயே தங்கிடும், முட்டி வரைக்கும் போயிட்டா ஒருத்தர் கை குடுத்துதான் வெளிய வரணும். பாதைலயும் கரைலயும் நின்னே எல்லாம் பாக்கலாம். இங்க கேமராவ விட பைனாகுலர் முக்கியம், 8x42 ஒன்னு இருந்தா போதும், இல்லாதவங்க கைடுகிட்ட கேளுங்க. தூரத்துல நிக்கிற கூட்டத்தை எண்ணிப் பாக்கிற அளவு ஆர்வம் இருந்தா ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (பறவை பாக்கிற சின்ன தொலைநோக்கி) ட்ரைபாடும். காத்து பலமா அடிக்கும், ட்ரைபாடை முழுசா நீட்டாம குட்டையா வச்சி, பைய அதுல கட்டி தொங்க விடுங்க. வெள்ளைச் சட்டை, பளிச்சுன்னு சிவப்பு இதெல்லாம் வேண்டாம், மங்கின காக்கி, பச்சை நல்லது. தொப்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, சாயங்காலத்துக்கு கொசு கிரீம், பட்டை வச்ச செருப்பு இல்லன்னா ஷூ. செண்ட் எதுக்குங்க அங்க.

குரங்கு விஷயம். செக்போஸ்ட், கோயில் பக்கம் நாட்டுக்குரங்கு கூட்டம் கூட்டமா இருக்கும், வர்றவங்க போட்டு போட்டு பழக்கி வச்சிருக்காங்க, பிஸ்கட் கவர் சத்தம் கேட்டா போதும். குடுக்கவே குடுக்காதீங்க, கைல பையை ஆட்டிக்கிட்டு நடக்காதீங்க, வண்டிக் கண்ணாடியை ஏத்தி வைங்க, முறைச்சு பல்லைக் காட்டினா நேரா கண்ணைப் பாக்காம மெதுவா நகருங்க. பிளாஸ்டிக் கவர், பாட்டில் எல்லாம் கொண்டு வந்தது அப்படியே திரும்பிப் போகணும், மான் அதைத் தின்னு குடல் அடைச்சு சாகுறது நடக்கிற விஷயம்.

சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டு போறீங்கன்னா காலைல காட்டை மட்டும் வச்சிக்கோங்க, மான், குதிரை, குரங்கு, ராமர் பாதம்னு அவங்களுக்கு ஏதோ ஒன்னு நடந்துக்கிட்டே இருக்கும். சதுப்புல ஒரு மணி நேரம் அசையாம நிக்க அவங்களால முடியாது, அது அவங்க தப்பும் இல்ல. வயசானவங்களுக்கு வண்டிலயே உக்காந்து பாக்கிற வசதி உண்டு, ஆனா கழிவறை வசதிய செக்போஸ்ட்லயே முடிச்சிட்டு போகச் சொல்லுங்க, உள்ள எதுவும் கிடையாது.

கடற்கரைப் பக்கம் சாயங்காலம் போனா ஆலாக்களும் கடற்காகங்களும் மீன் இறக்குற இடத்துல கூடி நிக்கும், மீனவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினா அன்னிக்கு கடல் எப்படின்னு சொல்வாங்க. குளிக்க ஏத்த கடல்னு நான் சொல்ல மாட்டேன். ஜனவரிலேந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை ராத்திரில கரையேறி முட்டை போடும் காலம், வனத்துறை அந்த முட்டைங்கள எடுத்து பொரிப்பகத்துல வச்சி குஞ்சுங்கள கடல்ல விடுவாங்க. எப்போ விடுறாங்கன்னு கேட்டு வச்சா, அமைஞ்சா பாக்கலாம். நீங்களா டார்ச் அடிச்சிக்கிட்டு ராத்திரி கரைல ஆமை தேடாதீங்க, வெளிச்சம் பட்டா ஏறின ஆமை முட்டை போடாமலே திரும்பிடும்.

இன்னும் அரை நாள் கைல இருந்தா முத்துப்பேட்டை. அது திருவாரூர் மாவட்டம், ஜாம்புவானோடைலேந்து படகுல அலையாத்திக் காட்டுக்குள்ள போகணும், வனத்துறை அனுமதி வேணும், அதையும் முன்கூட்டியே கேட்டு வச்சிடுங்க. அலையாத்தி மரத்தோட மூச்சு வேருங்க சேத்துலேந்து விரல் விரலா மேல நீட்டிக்கிட்டு நிக்கும், தண்ணி இறங்கினப்போதான் முழுசா தெரியும், அதனால படகுக்காரர்கிட்ட தண்ணி எப்போ வத்தும்னு கேட்டு நேரத்தை வச்சிக்கோங்க. கோடியக்கரைலேந்து வேதாரண்யம் திரும்புற வழில அகஸ்தியம்பள்ளில உப்பு சத்தியாகிரக நினைவு ஸ்தூபி இருக்கு, 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சிலேந்து நடந்து வந்து உப்பு அள்ளினது இங்கதான், பத்து நிமிஷம் நிறுத்தலாம். கூடு கட்டி குஞ்சு பொரிக்கிற பறவைங்கள கிட்டத்துல பாக்கணும்னா கோடியக்கரை அதுக்கு இடம் இல்ல, உதயமார்த்தாண்டபுரத்துக்கோ வடுவூருக்கோ போங்க, அது ரெண்டும் ஏரிங்க, மரம் முழுக்க கூடு.

கடைசியா ஒன்னு, இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. கோடியக்கரைல பல பத்து வருஷமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைங்களுக்கு காலுல வளையம் மாட்டி விடுற வேலைய செய்யுது, வேற நாடுகள்ல மாட்டினதும் இங்க வந்து நிக்கும். பைனாகுலர்ல பாக்கும்போது அலகை மட்டும் பாக்காம காலையும் பாருங்க. கலர் பட்டையோ கொடி மாதிரி ஒரு துண்டோ தெரிஞ்சா எந்தக் கால், முட்டிக்கு மேலயா கீழயா, மேலேந்து கீழ என்ன என்ன கலர், எழுத்து இருந்தா என்ன எழுத்துன்னு உடனே எழுதி வச்சிக்கோங்க, அப்புறம் ஞாபகத்துல இருந்து எழுதினா வலது இடது மாறிடும். படம் மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, தேதி, இடம் போட்டு அந்தக் கழகத்துக்கு மெயில்ல அனுப்புங்க. கலர் சேர்க்கைய வச்சே எந்த நாட்டுல மாட்டினதுன்னு அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.